மூன்றாம் துவைப்புக்குப் பின்னும் அளவு மாறாத டி-சர்ட்

கோடைக்கு முன்பு தைத்து முடித்த கருநீல டி-சர்ட்டுகள் இரண்டையும் கோடை முழுவதும் மாற்றி மாற்றி உடுத்தினேன். அவற்றின் கழுத்து அலையவில்லை, பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பவில்லை, நீளமும் குறையவில்லை. தோள் தையல் இன்றும் தோள் எலும்பின் முனையிலேயே நிற்கிறது. கடையில் வாங்கி எட்டாத இந்த நிலைக்கு வீட்டில் தைத்து எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை, இடையில் சென்ற தவறான வழிகளையும் சேர்த்து, நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

மொரீஷியஸில் பின்னலாடைக்குப் பஞ்சமில்லை. 1970இல் ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி வலயச் சட்டம் வந்த பிறகு இத்தீவின் ஆலைகள் ஐரோப்பியக் கடைகளுக்காக டி-சர்ட்டுகளைத் தைத்துக் குவித்தன. 2005 தொடக்கத்தில் எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்த, உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததையொட்டிப் பல ஆலைகள் மூடப்பட்டாலும், தொழில் இன்னும் நிலைத்திருக்கிறது. ஆலைகளின் மிகுதிச் சரக்கு கத்ர் போர்ன் நகரச் சந்தைக்கு வருகிறது. அங்கே வியாழனும் ஞாயிறும் துணிக்கான நாள்கள். நிறுவனப் பெயர்ச்சீட்டு வெட்டி நீக்கப்பட்ட, ஏற்றுமதித் தரமான டி-சர்ட்டுகள் அங்கே 200, 250 மொரீஷியஸ் ரூபாய்க்குக் கிடைத்தன. ஆகவே தைப்பது என் முதல் எண்ணமாக இருக்கவில்லை. நல்லதைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்வதே நோக்கமாக இருந்தது.

அதற்கு முதலில் வேண்டியது ஓர் அளவுகோல். என்னிடம் பல ஆண்டுகளாக இருந்து, துணி நைந்து, ஆனாலும் உடலில் சரியாக அமர்ந்த பழைய டி-சர்ட் ஒன்றை மேசையில் சுருக்கமின்றி விரித்து, துணியை இழுக்காமல் தையல் நாடாவால் அளந்தேன். ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை 44 செ.மீ.; கைக்குழிக்கு 2.5 செ.மீ. கீழே, விரித்த நிலையில் மார்பு அகலம் 53 செ.மீ.; கழுத்தை ஒட்டிய தோளின் உச்சியிலிருந்து கீழ் மடிப்பு வரை நீளம் 70 செ.மீ.; தோள் முனையிலிருந்து கை நீளம் 20 செ.மீ.; கைக்குழியின் நேர் உயரம் 22.5 செ.மீ.; கழுத்தின் அகலம் 17.5 செ.மீ. என் மார்புச் சுற்றளவு 96 செ.மீ. சட்டையின் சுற்று 106 செ.மீ. ஆகிறது. அந்த 10 செ.மீ. தளர்வுதான் எனக்கு மூச்சுவிட இடம் தருவதும், அதே வேளையில் தொளதொளப்பாகத் தெரியாததும். இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டேன். எம், எல் என்ற எழுத்துகளைப் பார்த்து வாங்குவதை அன்றோடு விட்டுவிட்டேன். ஒரே மேசையில் அடுக்கியிருந்த எம் அளவுகளுக்குள்ளேயே தோள் அகலம் 3 செ.மீ. வரை வேறுபட்டதைச் சந்தையில் நாடா வைத்துப் பார்த்தேன்.

அட்டையின் எண்களோடு பொருந்தியவற்றை மட்டும் வாங்கியும் பயன் முழுமையாகக் கிட்டவில்லை. வாங்கியபோது 70 செ.மீ. இருந்த ஒன்று முதல் துவைப்பில் 67 ஆனது; மூன்றாம் துவைப்பில் 66இல் நின்றது. அகலம் அவ்வளவாகக் குறையாததால் சட்டை கட்டையாகி, கையை உயர்த்தினால் இடுப்பு தெரிந்தது. இன்னொன்றில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு, கீழ் மடிப்பில் 4 செ.மீ. முன்பக்கம் வந்துவிட்டது. ஒற்றைப் பின்னல் துணியில் நூலின் முறுக்கு தளர முயல்வதால் கண்ணிகள், அதாவது பின்னலின் நூல் வளையங்கள், சாய்கின்றன. ஆலையில் துணியை நேராக இழுத்து இறுக்கி வைத்திருந்தாலும், நீர் பட்டதும் அது தன் இயல்புச் சாய்வுக்குத் திரும்பிவிடுகிறது. இதைக் கடையில் வெறும் கண்ணால் கண்டறிவது கடினம். ஓரளவுக்கு உதவும் ஒரு சோதனை உண்டு: சட்டையின் கீழ்ப்பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மெல்லிய செங்குத்துக் கண்ணி வரிசை பக்கத் தையலுக்கு இணையாக ஓடுகிறதா என்று பார்க்கலாம். இணையாக ஓடாமல் வெட்டப்பட்டிருந்தால், அது திரும்பும் வாய்ப்பு மிகுதி.

அடுத்து, எல் அளவில் வாங்கித் துவைத்துச் சுருங்கிய பின் உடலுக்கேற்ப ஒடுக்கலாம் என்று முயன்றேன். பக்கத் தையலை இருபுறமும் உள்ளே பிடிப்பது எளிது. கைக்குழியின் அடியிலிருந்து தொடங்கி இடுப்பு வரை சீராக 1.5 செ.மீ. பிடித்தால் மார்பு பொருந்திவிடுகிறது. தோள் அப்படியன்று. 47 செ.மீ. தோளை 44 ஆக்கக் கையைப் பிரித்து, கைக்குழியைப் புதிதாக வரைந்து வெட்டி, மீண்டும் கையைப் பொருத்த வேண்டும். துணி விளிம்பை நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் தையலைப் பிரிக்கும்போதே துணியின் விளிம்பு நைந்துபோகிறது. கழுத்து அகலமாக இருந்தால் அதைக் குறைக்க வழியே இல்லை. ஆகவே சந்தையில் வாங்குவோருக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: தோளும் கழுத்தும் பொருந்தியதை வாங்குங்கள், மார்பு ஒரு விரல் பெரிதாக இருந்தால் பரவாயில்லை, நீளம் கட்டாயம் 4 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

இந்த நான்கும் ஒருசேர அமைந்த சட்டை அரிதாகவே அகப்பட்டதால், துணி வாங்கித் தைக்கும் முடிவுக்கு வந்தேன். 1980களில் ஏற்றுமதி ஆலை ஒன்றில் ஓவர்லாக் பொறியில் வேலை செய்த என் சித்தியின் வீட்டில், நான்கு நூல் கொண்ட சிறிய ஓவர்லாக் பொறியும் சாதாரணத் தையல் பொறியும் இருந்தன. அவரது கண்காணிப்பு இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது.

துணி ரோஸ் ஹில்லில் ஒரு சில்லறைக் கடையில் கிடைத்தது: சீவிய பருத்தி நூலில் பின்னிய ஒற்றைப் பின்னல் பனியன் துணி, மீட்டர் 240 ரூபாய், அகலம் 170 செ.மீ. சீவிய நூலில் குறுகிய இழைகள் நீக்கப்பட்டிருப்பதால் மேற்பரப்பில் பஞ்சு குறைவாக எழும். பாலியெஸ்டர் கலந்த துணி விலை குறைவு, சுருக்கமும் குறைவு. ஆனால் அதில் எழும் பஞ்சு உருண்டைகளை வலுவான செயற்கை இழை பற்றிக்கொண்டு உதிரவிடாது, நம் கோடையில் உடல் புழுங்கவும் செய்யும். கடைக்காரர் 180 ஜி.எஸ்.எம். என்றார். அதாவது ஒரு சதுர மீட்டரின் எடை 180 கிராம். சமையலறைத் தராசில் இதைச் சரிபார்க்கலாம்: 50க்கு 50 செ.மீ. சதுரம் வெட்டி நிறுத்து, வந்த எடையை நான்கால் பெருக்க வேண்டும். எனக்கு 45 கிராம் வந்தது; சொன்னது சரி. 10 செ.மீ. சதுரமாக வெட்டினால் இரண்டு கிராமுக்கும் குறைவாக இருக்கும், அதைச் சமையலறைத் தராசு நம்பகமாகக் காட்டாது. எடையை மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். துணியை அகலவாக்கில் இரு கைகளாலும் இழுத்து விட்டால் அது உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். தளர்ந்த அலையாக நின்றுவிடும் துணியில் வயிற்றுப் பகுதி ஒரு மாதத்தில் பை போலத் தொங்கும்.

வெட்டிய அந்தச் சதுரத்தை வீணாக்கவில்லை. இதே துணியில் இன்னொரு துண்டையும் எடுத்து, இரண்டையும் மூன்று பக்கம் தைத்துப் பையாக்கினேன். தைப்பதற்கு முன் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அழியாத மையால் சரியான இடைவெளியில் கோடுகள் குறித்திருந்தேன். 40 பாகை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தியதும் நீளத்தில் 6 விழுக்காடு குறைந்தது, அகலத்தில் 2 விழுக்காடு. இரண்டாம் துவைப்பில் நீளத்தில் இன்னும் 1 விழுக்காடு; மூன்றாவதில் மாற்றமில்லை. பையின் மூலைகளும் பெரிதாகத் திரும்பவில்லை. துவைக்காத துணியில் 70 செ.மீ. நீளத்துக்கு வெட்டித் தைத்திருந்தால் 65 செ.மீ. சட்டைதான் கிடைத்திருக்கும். சந்தைச் சட்டைகளின் கதை முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது. மீதித் துணி முழுவதையும் இருமுறை துவைத்து, கொடியில் நீளமாகத் தொங்கவிடாமல் இரு கொடிகளின் மேல் பரப்பி உலர்த்தினேன். ஈரத் துணி தன் பாரத்தாலேயே நீண்டு, பின்னர் சட்டையான பிறகு சுருங்கும் என்பதால் இது முக்கியம்.

வடிவத்தாள் எடுக்கப் பழைய சட்டையைப் பிரித்துவிடுவதா என்று யோசித்தேன். நைந்ததுதானே என்று தோன்றினாலும், பல ஆண்டுகள் இழுபட்ட துணித்துண்டு உண்மையான வடிவத்தைக் காட்டாது என்று சித்தி தடுத்தார். அட்டையில் இருந்த அளவுகளைப் பழுப்புத் தாளில் வரைந்து, கைக்குழி, கழுத்து ஆகியவற்றின் வளைவுகளை மட்டும் சட்டையைத் தாளின் மேல் வைத்துத் தையல் வழியே குண்டூசியால் குத்திப் புள்ளிகளாக எடுத்தோம். முன்பக்கக் கழுத்தின் ஆழம் 10 செ.மீ., பின்பக்கம் 2 செ.மீ. தையலுக்கு எல்லா ஓரத்திலும் 7 மி.மீ., கீழ் மடிப்புக்கும் கை மடிப்புக்கும் 2.5 செ.மீ. விட்டோம்.

வெட்டுவதற்கு முந்தைய இரவே துணியை மேசையில் தளர்வாகப் பரப்பிவைத்தோம். “துணி அமரட்டும், காலையில் வெட்டலாம்” என்பது அவரது வழக்கம். ஆலையில் சுருளைப் பிரித்துப் போட்டு வெட்டுக்கு முன் காத்திருப்பார்களாம். துவைத்த துணியின் ஓரங்கள் நேராக இருப்பதில்லை. ஆகவே ஓரத்தை நம்பாமல் நடுவில் ஒரு கண்ணி வரிசையைக் கண்டறிந்து, அதன் வழியே சாக்குக்கட்டியால் கோடிட்டு, வடிவத்தாளின் நடுக்கோட்டை அதோடு பொருத்தினேன். துவைத்த பின் அகலம் 166 செ.மீ. சொச்சம், அதில் உடல்பகுதிகள் மூன்று பக்கம் பக்கமாக அடங்கின. அடுத்த வரிசையில் நான்காம் உடல்பகுதியும் கைகள் நான்கும். 1.7 மீட்டர் துணியில் இரண்டு சட்டைகள் வந்தன.

தைப்பதில் முதல் பாடம் ஊசி. சாதாரணக் கூர் ஊசி பின்னல் துணியின் நூலையே அறுத்துவிடும். தைத்தபோது தெரியாத துளைகள் துவைத்ததும் தையல் ஓரத்தில் வரிசையாகத் தோன்றும். பின்னலாடைக்கான உருண்டை முனை ஊசி, 75ஆம் அளவு, இரண்டு பொறிகளிலும் போட்டோம். ஓவர்லாக் பொறியில் துணியை நகர்த்தும் முன்பல், பின்பல் ஆகியவற்றின் வேக விகிதத்தைச் சரிசெய்யும் திருகைத் துண்டுத் துணியில் சோதித்து 1.3இல் நிறுத்தினோம். 1இல் வைத்தபோது தையல் அலை அலையாக விரிந்தது. என் கை தானாகத் துணியைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணம். “இழுக்காதே, பல் தானே கொண்டுபோகும், நீ வழிகாட்டினால் போதும்” என்று சித்தி பலமுறை சொல்லித் திருத்தினார்.

முதலில் தோள்கள். பின்னல் துணியின் தோள் தையல் சட்டையின் முழுப் பாரத்தையும் தாங்குவதால், இழுபடாத 6 மி.மீ. பருத்தி நாடாவைத் தையலோடு சேர்த்து ஓட்டினோம். இரண்டு டி-சர்ட்டுகளின் ஆயுள் வேறுபாட்டை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே திருப்பி இந்த நாடா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன்.

கழுத்தில்தான் நீண்ட நேரம் நின்றோம். வெட்டிய கழுத்தின் தையல் கோட்டைச் சுற்றி அளந்தால் 47 செ.மீ. வந்தது. அதில் வைக்கும் ரிப் பட்டை (வரிவரியாக மேடுபள்ளம் தெரியும், நன்கு இழுபடும் பின்னல்) அதைவிடக் குறைவாக இருந்து, இழுத்துத் தைக்கப்பட்டால்தான் கழுத்தோடு படியும். எவ்வளவு குறைவு என்பதே கேள்வி. துண்டுத் துணியில் கழுத்தை மட்டும் வெட்டிச் சோதித்தோம். 43 செ.மீ. பட்டை தைத்ததும் அழகாகவே இருந்தது; துவைத்த பிறகு விளிம்பு நெளிந்து எழுந்து நின்றது. 36.5 செ.மீ. பட்டை மறுகோடிக்குப் போய்விட்டது: கழுத்தைச் சுற்றி உடல்துணி கொசுவியது, தலை நுழையவும் சிரமப்பட்டது. 40 செ.மீ., அதாவது கழுத்துச் சுற்றில் 85 விழுக்காடு, துவைத்த பின்னும் தட்டையாகப் படிந்தது. இந்த விகிதம் எங்கள் ரிப்புக்கு உரியது. ஒன்றுக்கு ஒன்று பின்னலில் ரப்பர் போல இழுபடும் லைக்ரா இழை 5 விழுக்காடு சேர்ந்தது அது. லைக்ரா இல்லாத ரிப்பில் நான் சோதிக்கவில்லை. முடிவில் 2 செ.மீ. அகலம் தெரிய, இரட்டையாக மடிப்பதற்கும் தையலுக்குமாக 5.4 செ.மீ. அகலத்தில் பட்டையை வெட்டினோம். பட்டையும் கழுத்தும் நான்கு சம பாகங்களாகக் குறிக்கப்பட்டு, குறிகளில் ஊசி குத்தப்பட்டன. நான்கு பாகமும் ஒரே அளவு இழுபட்டால் கழுத்து கோணாது என்பது கணக்குக்குச் சரிதான். ஆனால் முன்கழுத்தின் வளைவான பகுதியில் சற்றுக் கூடுதலாகவும் தோளருகே சற்றுக் குறைவாகவும் இழுத்தபோது பட்டை இன்னும் நன்றாகப் படிந்தது. இறுதியில் பின்கழுத்தின் உள்ளே, ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை 1 செ.மீ. நாடா வைத்து மூடினோம். கழுத்து பின்னால் அகன்றுபோகாமல் அது காக்கிறது, ஓவர்லாக் முடிச்சு பிடரியில் உறுத்துவதுமில்லை.

கைகளை, பக்கத் தையல் போடுவதற்கு முன்பே, சட்டை விரிந்த நிலையில் பொருத்தினோம். பிறகு கை விளிம்பிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். இவை விரைவாக முடிந்தன.

கீழ் மடிப்பு அப்படி முடியவில்லை. ஆலைகளில் பிளாட்லாக் பொறி போடும் இரட்டைத் தையல் இழுத்தால் விரியும். வீட்டுப் பொறியில் 4 மி.மீ. இரட்டை ஊசியால் போட்டது, சட்டையைக் கழற்றும்போது முதல் வாரத்திலேயே கையோரத்தில் அறுந்தது. அடி நூல் இறுக்கமாக நின்று போதிய அளவு விரியாததே காரணம். அடி நூல் சுற்றும் பாபினில் சுருள் நைலான் நூலைச் சுற்றி, மேல் இறுக்கத்தைத் தளர்த்திப் போட்டபோது நின்றது. இரண்டாம் சட்டையின் மடிப்பை மட்டும் கத்ர் போர்னில் பிளாட்லாக் வைத்திருக்கும் தையல்காரரிடம் 30 ரூபாய்க்குக் கொடுத்தேன். தோற்றத்திலும் வலிமையிலும் அதுவே மேல். இனி எல்லாச் சட்டைகளையும் அவரிடமே கொடுப்பேன்.

செலவைப் பார்த்தால், ஒரு சட்டைக்குத் துணி 204 ரூபாய், ரிப் ஏறத்தாழ 20, நூலும் நாடாவும் 20, மடிப்புக்கு 30. ஆக 275 ரூபாய்க்கு அருகில். நூல்கண்டுகளும் ஊசிகளும் வாங்கியது தனிச்செலவு, அவை இன்னும் பல சட்டைகளுக்கு வரும். சந்தையில் வாங்குவதைவிட இது மலிவன்று. உழைப்பையும் சேர்த்தால் விலை மிகுதி என்றே சொல்ல வேண்டும். ஆனால் சந்தைச் சட்டையை மூன்றாம் துவைப்போடு வீட்டுக்குள் மட்டும் உடுத்தும் நிலைக்குத் தள்ளியவனுக்கு, கோடை முழுதும் வெளியே உடுத்தக்கூடிய சட்டையின் 275 ரூபாய் குறைவாகவே படுகிறது.

பயன்பாட்டில் ஒன்றைக் கவனித்தேன். முதல் சட்டையின் முன்பக்கம், இடைவாரின் கொக்கி படும் இடத்தில், ஊசிமுனை அளவில் இரண்டு துளைகள் வந்தன. பூச்சி என்று வீட்டில் சொன்னார்கள்; துளைகள் அந்த ஓரிடத்தில் மட்டுமே இருந்ததால் உராய்வுதான் என்று முடிவுசெய்து, கூர் விளிம்பில்லாத தட்டைக் கொக்கிக்கு மாறினேன். அதன்பின் புதிய துளை இல்லை. துவைக்கும்போது சட்டையை உள்வெளியாகத் திருப்பி, ஜிப் உள்ள கால்சட்டைகளோடு சேர்க்காமல் குளிர்நீரில் போடுகிறேன். கருநீலம் நம் வெயிலில் விரைவாக வெளிறும் என்பதால் நிழலில் உலர்த்துகிறேன். குளோரின் வெளுப்பானை வெள்ளைச் சட்டைக்கும் பயன்படுத்துவதில்லை, ரிப்பிலுள்ள லைக்ராவை அது அரித்துவிடும்.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மேட்டுநிலமான கியூர்பிப்பின் தூறலுக்கு 180 ஜி.எஸ்.எம். பொருத்தமாக இருந்தது; போர்ட் லூயிஸில் பிற்பகல் வேலை இருந்த நாள்களில் முதுகில் ஒட்டியது. கடற்கரை ஊர்களுக்கு மெல்லிய 30ஆம் எண் நூலில் 150 ஜி.எஸ்.எம். அளவிலான துணியைத் தேடுகிறேன், அதன் சுருக்கத்தைப் புதிதாக அளந்த பிறகே வெட்டுவேன். கை நீளத்தை 1 செ.மீ. கூட்டப்போகிறேன். ரிப்பையும் வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டும்; இம்முறை துவைக்காமலே வைத்தோம், பட்டை குறைவாகச் சுருங்கியதால் சிக்கல் வரவில்லை, ஆனால் வேறு கடை ரிப்பில் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. சித்தப்பாவுக்கும் இரண்டு தைக்கச் சித்தி துணி எடுத்துவைத்திருக்கிறார். சித்தப்பாவுக்கு வயிற்றுப் பகுதியில் 4 செ.மீ. கூட வேண்டியிருப்பதால், வடிவத்தாளின் பக்கக் கோட்டைக் கைக்குழிக்குக் கீழிருந்து சாய்வாக விரித்து வரைந்து, தோளை அவருடைய 43 செ.மீ. அளவிலேயே நிறுத்தியிருக்கிறோம்.